நகர மன்ற அதிகாரியின் நடத்தைமேல் புகார் கொடுப்பது எப்படி?

கேள்வி இதுதான். சிங்கப்பூரின் ஈசூனில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் அக்காள் மகன் கேட்கிறார்: "கடைக்கு வெளியே வெங்காய மூட்டையும் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளும் வைத்ததற்காக நகர மன்ற அதிகாரி ஒருவர் மாமாவுக்கு இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்துவிட்டார். நாலு கடை தள்ளி இருப்பவர் நடைபாதையையே அடைத்து வைத்திருக்கிறார், அவரை ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் வந்தவர், 'நீங்களும் கொஞ்சம் ஒத்துழைத்தால் பிரச்சினை வராது' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா பயப்படுகிறார். இந்த ஆளின் நடத்தைமேல் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?"

தம்பி, பொதுமக்களின் புகார்க் கடிதங்களைப் படித்துப் பதில் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், 'அதிகாரிகளின் ஒழுக்கத்தை விசாரிக்கும் அலுவலகம்' என்று ஒரே கதவாக எதையும் சிங்கப்பூரில் தேடாதீர்கள். வெளிநாடுகளில் மாநகராட்சிக்கென்று நெறிமுறைக் குழு இருக்கும், அங்கே படிவம் போடுவார்கள். இங்கே அப்படி ஒரு மாநகராட்சியே கிடையாது. நகர மன்றம் என்பது புளோக்குகளின் பொது இடங்களைப் பராமரிக்கும் அமைப்பு, அவ்வளவுதான். மேயரோடு இருந்த நகரசபையின் வேலைகள் 1959க்குப் பிறகு அமைச்சுகளுக்கும் வாரியங்களுக்கும் போய்விட்டன. பொதுமக்களின் குறைகளைத் தனியாக நின்று விசாரிக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று வீ சோங் ஜின் தலைமையிலான அரசியலமைப்பு ஆணையம் 1966இல் பரிந்துரைத்தது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே எந்தத் தவறு எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்பதை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிப் புகார்கள் வீணாவது இந்த இடத்தில்தான். லஞ்சம் கேட்டதை வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுவார்கள், மரியாதையில்லாமல் பேசியதை லஞ்ச ஒழிப்புக்காரர்களுக்கு எழுதுவார்கள்.

உங்கள் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மாமாவுக்கு வந்த நோட்டீஸ் சரியா தவறா என்பது ஒன்று. ஒரு கடைக்கு ஒரு நியாயம், இன்னொரு கடைக்கு வேறு நியாயமா என்பது இரண்டாவது. "ஒத்துழைத்தால்" என்ற அந்தச் சொல் மூன்றாவது. மூன்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் படிப்பவர் கண்ணுக்கு முதல் விஷயம்தான் தெரியும்: அபராதம் வாங்கியவர் ஆத்திரத்தில் எழுதுகிறார். இது அநியாயம்தான், ஆனால் நாளைக்கு இருபது கடிதம் படிக்கிறவர் அப்படித்தான் படிப்பார்.

நோட்டீஸ் விஷயத்தைத் தனியாக எடுத்துவிடுங்கள். கடைக்கு வெளியே இருப்பது பொது இடம், அங்கே சரக்கு வைக்க நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். மாமாவிடம் அனுமதி இருக்கிறதா, இருந்தால் எந்தக் கோடுவரை என்று பாருங்கள். கோட்டைத் தாண்டி வைத்திருந்தால் மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, நோட்டீஸில் சொன்ன தேதிக்குள் அபராதத்தைக் கட்டுங்கள், அல்லது குறைக்கச் சொல்லி மனு போடுங்கள். தாண்டவில்லை என்றால் படம் எடுத்து இணைத்து மறுப்பு எழுதுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போவதானால் இந்த விஷயத்துக்காகப் போகலாம். அவர்தான் பெரும்பாலும் அந்த நகர மன்றத்திலும் உறுப்பினர், அவர் பெயரில் ஒரு கடிதம் போனால் மனு சீக்கிரம் பார்க்கப்படும். லஞ்ச சந்தேகத்தை மட்டும் அந்த மேசையில் வைக்க வேண்டாம். அங்கே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்பவர்கள் தொண்டூழியர்கள், உங்கள் பேட்டைக்காரர்கள். அக்கம்பக்கத்தில் எவ்வளவு வேகமாகப் பேச்சு பரவும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, பாரபட்சம். இது பல நேரம் வெறும் வேலைக் குறைபாடாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் வேறு ஆள் பொறுப்பாக இருக்கலாம், அந்தக் கடைக்காரர் பெரிய இடத்துக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரர் அதிகாரியின் உறவினர் என்றாலோ, அதிகாரிக்கு அங்கே பங்கு உண்டு என்றாலோ கதையே வேறு. தன் சொந்த நலன் வேலையில் குறுக்கிட்டால் அரசு ஊழியர் அதை மேலிடத்தில் அறிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் நம்மில் பலருக்குத் தெரியாது. மாதச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அடமானமில்லாக் கடன் இருந்தால் அதைக்கூட அரசு ஊழியர் தெரிவிக்க வேண்டும். கடனில் மூழ்கியவரை விலைக்கு வாங்குவது சுலபம் என்பதால்தான் அந்த விதி. தன் அதிகாரத்தின் கீழ் வருகிறவர்களிடம் கைமாற்று வாங்குவதும் கூடாது.

இந்த மாதிரிப் புகார் முதலில் போக வேண்டிய இடம் அந்த அதிகாரி வேலை செய்யும் அமைப்பின் மேலிடம். இங்கேதான் நகர மன்றங்களில் ஒரு சிக்கல். முகப்பிலும் புளோக்குகளிலும் நாம் பார்க்கும் ஆட்கள் பல நகர மன்றங்களில் ஒப்பந்த அடிப்படையில் நிர்வாகம் பார்க்கும் தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். சட்டையில் நகர மன்றச் சின்னம், சம்பளம் கம்பெனியில். அதனால் கடிதத்தை நகர மன்றத்தின் பொது மேலாளருக்கு எழுதி, நகர மன்றத் தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பொது மேலாளரே அந்தக் கம்பெனி ஆளாக இருக்கலாம், தலைவர் அப்படியில்லை. நகர மன்றம் அசையவே இல்லையென்றால் தேசிய வளர்ச்சி அமைச்சுக்கு எழுதலாம். 2017இல் நகர மன்றச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நகர மன்றங்களைச் சோதிக்கவும் விசாரிக்கவும் அமைச்சுக்கு அதிகாரம் கூடியிருக்கிறது. ஒரு மூட்டை வெங்காயத்துக்காக அமைச்சு ஆள் அனுப்பும் என்று நினைக்க வேண்டாம், கடிதம் பதிவாகும்.

இதுவே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அதிகாரியாகவோ தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரியாகவோ இருந்திருந்தால் அந்த வாரியத்துக்கே எழுத வேண்டும். அமைச்சுகளிலும் வாரியங்களிலும் சேவைத் தரத்துக்கென்று பொறுப்பான மேலாளர் இருப்பார். அமைச்சுகளின் ஊழியர்கள்மேல் பெரிய ஒழுங்கு நடவடிக்கை என்றால் அது பொதுச் சேவை ஆணையம்வரை போகும். வட்டாரத்தில் தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் அடித்தளத் தொண்டர் அதிகாரியே கிடையாது. அவர்மேல் குறை இருந்தால் மக்கள் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

சரி, மூன்றாவதுக்கு வருவோம். "கொஞ்சம் ஒத்துழைத்தால்." இந்தச் சொல்லை எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். 'பொருளை உள்ளே எடுத்து வையுங்கள்' என்ற அர்த்தத்தில் அப்பாவியாகச் சொல்லியிருக்கலாம். காப்பிக் காசு கேட்பவரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார், ஏனென்றால் பின்னால் மறுத்துவிட வசதி. நீங்களும் நானும் உட்கார்ந்து எது என்று முடிவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுப்பதுதான் நம் வேலை. அர்த்தம் கண்டுபிடிப்பது விசாரிப்பவர் வேலை.

அதற்கான கதவு லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. 1952இல் தொடங்கியது, பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பிரதமரின் கீழ் இருக்கும் அமைப்பு மேலே இருப்பவர்களை எப்படி விசாரிக்கும் என்று பலர் கேட்பார்கள். அரசியலமைப்பின் 22ஜி பிரிவில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: பிரதமர் விசாரணைக்குச் சம்மதிக்காவிட்டாலும் அதிபர் ஒப்புக்கொண்டால் இயக்குநர் விசாரிக்கலாம். அந்தப் புலனாய்வுப் பிரிவுக்குள்ளேயே ஓர் உதவி இயக்குநர் 17 லட்சம் வெள்ளிக்கு மேல் கையாடல் செய்து மாட்டியதும், 2014இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்ததும் உண்டு.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அங்கே போவது?" என்று மாமா கேட்பார். 2018இல் கொள்கலன் கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிய இரண்டு பேர்மேல் புலனாய்வுப் பிரிவினர் குற்றம் சாட்டினார்கள். லாரிக்காரர்களைக் காக்க வைக்காமல் இருக்கத் தடவைக்குப் பெரும்பாலும் ஒரு வெள்ளி வாங்கினார்கள் என்பதுதான் வழக்கு. ஒரே ஒரு வெள்ளி, அதுவும் தனியார் துறையில். ஊழல் தடுப்புச் சட்டம் அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும் என்பதால், நகர மன்றத்து ஆள் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. தண்டனை ஒரு லட்சம் வெள்ளிவரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

கையில் காசு மாறினால்தான் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். கேட்டாலே குற்றம். கொடுப்பதாகச் சொன்னாலும் குற்றம். அதனால் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: உண்மையா என்று சோதித்துப் பார்க்கிறேன் என்று ஐம்பது வெள்ளியை நீட்டுகிற வேலை வேண்டாம். அடுத்த முறை அந்த ஆள் வந்தால் "என்ன ஒத்துழைப்பு வேண்டும், எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தாரா என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், மாமி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. கொடுத்திருந்தால் புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சமூக மன்றங்கள் சிலவற்றில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. கொடுத்தவரும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளிதான். ஆனாலும் மறைத்துப் புகார் எழுதுவதைவிடச் சொல்லி எழுதுவது ஆயிரம் மடங்கு மேல்.

தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொடுத்தது இதில் சேருமா என்று நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். அரசு அதிகாரி, தான் வேலை நிமித்தம் பார்க்கிறவர்களிடம் பரிசு வாங்கக் கூடாது. மறுக்க முடியாத நிலையில் வாங்கினால் துறைத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும், வேண்டுமென்றால் மதிப்பிட்ட விலையைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். முறுக்குக்காக யாரையும் பிடித்துப் போட மாட்டார்கள். ஆனால் முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றதை நினைத்துப் பாருங்கள். நீதியைத் தடுத்த குற்றச்சாட்டு ஒன்று போக, மற்றவை தண்டனைச் சட்டத்தின் 165வது பிரிவின் கீழ் வந்தவை: தன் அரசுப் பணியோடு தொடர்புள்ளவரிடம் விலைமதிப்புள்ள பொருளை இலவசமாகப் பெற்றது. பதிலுக்கு என்ன செய்து கொடுத்தார் என்று அந்தப் பிரிவில் நிரூபிக்க வேண்டியதே இல்லை. நிகழ்ச்சிக்கான டிக்கெட், விஸ்கி, சைக்கிள் போன்றவைதான் அவை. மாமா நல்ல மனதோடு கொடுத்தாலும் வாங்குபவருக்கு அது வினை. இனிமேல் கொடுக்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

நகர மன்றத்திலேயே நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. ஆங் மோ கியோ நகர மன்றத்தின் பொது மேலாளரைப் பற்றி 2016இல் ஒரு புகார் வந்தது, குத்தகைக்காரர்களோடு, அதாவது நகர மன்ற வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர்களோடு, அவர் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று. நகர மன்றம் அதைப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தது. 2018 மார்ச்சில் வழக்கு, 2019இல் தண்டனை. ஏறக்குறைய 86,000 வெள்ளி மதிப்பில் அவர் பெற்றவற்றில் கரவோக்கே விருந்துச் செலவெல்லாம் அடக்கம். முதலில் 27 மாதச் சிறை, 2020இல் மேல்முறையீட்டில் அதை 39 மாதமாகக் கூட்டினார்கள். லஞ்சம் கொடுத்த குத்தகைக்காரருக்கும் சிறை. அந்தப் பொது மேலாளரும் நிர்வாகக் கம்பெனியின் ஊழியர்தான். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கால அளவு. புகாருக்கும் வழக்குக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை வருடம். உங்கள் புகாருக்கும் நாளானால் 'குப்பையில் போட்டுவிட்டார்கள்' என்று நினைக்காதீர்கள்.

இப்போது எழுதுவதைப் பற்றி. நான் பார்த்த மோசமான புகார்கள் எல்லாம் "இந்த அதிகாரி ஊழல் பேர்வழி, எல்லாருக்கும் தெரியும்" என்று தொடங்கும். அதில் விசாரிக்க ஒன்றுமே இருக்காது. எந்த எல்லாரும்? யார் பெயரைப் போட்டு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? நல்ல புகார் சலிப்பாக இருக்கும், பேரேடு மாதிரி. உதாரணத்துக்கு:

"செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி வாக்கில் நகர மன்ற அதிகாரி கடைக்குத் தனியாக வந்தார். அட்டையில் இன்ன பெயர் இருந்தது. வாசலில் மூன்று பெட்டிகள் இருந்தன. நோட்டீஸ் எழுதவில்லை. என் மாமாவிடம் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார். அப்போது கடையில் உதவியாளர் ஒருவர் இருந்தார், அவரும் கேட்டார். பத்து நிமிடத்தில் போய்விட்டார். பணம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். நமக்குச் சாதகமில்லாததையும் எழுதியிருக்கிறோம். படிப்பவருக்கு நம்பிக்கை வருவது அங்கேதான். மாமா நேரில் கேட்டது, உதவியாளர் சொல்லிக் கேட்டது, நீங்களாக ஊகித்தது, இந்த மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். நோட்டீஸ்களின் நகல், கடை வாசலின் படம், கடையில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அந்த நாளின் பதிவு, எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும், ஆகவே இன்றைக்கே எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடையைப் படம் பிடிக்கப் போய் அங்கே ஒரு சண்டையைக் கிளப்ப வேண்டாம்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 36வது பிரிவு தகவல் கொடுத்தவரைக் காக்கிறது. யார் சொன்னது என்று நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்டு வாங்க முடியாது. அந்தக் காப்பு போவது, பொய் என்று தெரிந்தே பொய் சொன்னாலோ, பெயர் வெளிவராமல் முழு நியாயம் கிடைக்காது என்று நீதிமன்றம் கருதினாலோதான். தெரிந்தே பொய் சொன்னால் 10,000 வெள்ளிவரை அபராதமோ ஓராண்டுவரை சிறையோ உண்டு. தெரிந்தே என்பதுதான் முக்கியம். நல்ல எண்ணத்தில் சொன்னது விசாரணையில் நிரூபிக்கப்படாமல் போனால் அது பொய்ப் புகார் ஆகாது.

பெயர் போடாமலும் அனுப்பலாம், எடுத்துக்கொள்வார்கள். ஆனால் என் அபிப்பிராயத்தில் பெயர் போடுங்கள். பெயரில்லாத கடிதத்தில் ஒரு சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க ஆள் இல்லை, அதோடு நின்றுவிடும். 2023இல் புலனாய்வுப் பிரிவுக்கு 215 ஊழல் புகார்கள் வந்தன, விசாரணைக்கு எடுத்தவை 81. மற்றவையெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. பிடித்துத் தொடர ஒரு நூல் வேண்டும், அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தவிர, இரண்டு நோட்டீஸ் வாங்கிய ஒரே மளிகைக் கடை உங்களுடையது என்றால், பெயர் போடாவிட்டாலும் யார் என்று தெரியத்தான் போகிறது.

புலனாய்வுப் பிரிவின் படிவம் இணையத்தில் இருக்கிறது. 1800-376-0000 என்ற எண்ணில் கூப்பிடலாம். லெங்கோக் பாருவில் 2ஆம் எண் கட்டடம்தான் தலைமையகம், ரெட்ஹில் பக்கம். நேரில் போவதென்றால் மாமாவை அழைத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் நேரில் கேட்டவர் அவர்தான். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். வெட்கப்பட்டு அரைகுறை ஆங்கிலத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, பின்னால் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அல்லாடியவர்கள் உண்டு.

கொடுத்த பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைவிட நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆளின் படத்தையும் பெயரையும் ஃபேஸ்புக்கில் போட்டு 'லஞ்சப் பேய்' என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்திலும் மாட்டலாம். 2020 முதல் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். அதைவிட மோசமானது, அவர் உஷாராகிவிடுவார். வாட்ஸ்அப் குடும்பக் குழுவும் வெளியிடம்தான், அதில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

பதிலை எதிர்பார்த்துத் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டாம். நகர மன்றத்துக்குப் போன புகாருக்கு "தகுந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒற்றை வரி வரலாம். என்ன நடவடிக்கை என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், ஊழியரின் ஒழுங்கு விவகாரம் வெளியே போகாது. எனக்கு இந்தப் பழக்கம் பிடித்ததே இல்லை. புகார் கொடுத்தவருக்கு இரண்டு வரி கூடுதலாகச் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது என்று வேலையில் இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நடைமுறை இதுதான். உங்கள் கையில் ஓர் அத்தாட்சி இருக்க வேண்டும், அதனால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு அதிகாரி கடைப் பக்கம் வரத் தொடங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குள் பழைய ஆளே வந்து மூன்றாவது நோட்டீஸ் கொடுத்தால் பதறாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். வாங்கிக்கொண்டு, தேதி, நேரம் குறித்து, அதன் நகலை அதே பதிவு எண்ணோடு அனுப்பி வையுங்கள். மூட்டையை மட்டும் இன்று இரவே கோட்டுக்கு உள்ளே இழுத்துவிடச் சொல்லுங்கள்.